'தரவு இல்லை' என்பது விடையா? நாடாளுமன்ற வினாவும் சுகாதாரத் துறையின் பொறுப்பும்

இந்தியச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு வினாத் தொடுக்கும் உரிமை 1892ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி கிடைத்தது. ஆனால் விடையைக் கேட்டுக்கொண்டு அமர்வதைத் தவிர அப்போது அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. துணைக் கேள்வி எழுப்பும் உரிமை 1909இல் வினாவை எழுப்பியவருக்கு மட்டும் வழங்கப்பட்டது. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தம்தான் அதை அவையினர் எல்லோருக்கும் பொதுவாக்கியது. ஆகவே வினா உரிமையின் வளர்ச்சி என்பது துணைக் கேள்வியின் வளர்ச்சியே. துணைக் கேள்விக்கு இடமில்லாத எழுத்து விடையில் 'தரவு இல்லை' என்று சொல்லி அரசு எளிதில் நழுவிவிடலாம் என்பதும், அந்த ஓட்டையை அடைக்க அவைக் குழுக்களிடமே கருவி உண்டு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மக்களவையில் ஒரு நாளுக்கு, வாய்மொழி விடையும் துணைக் கேள்வியும் உள்ள நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20. எழுத்து விடை மட்டும் பெறுபவை 230. கொரோனாவைக் காரணம் காட்டி 2020 மழைக்காலக் கூட்டத்தொடரில் கேள்வி நேரம் கைவிடப்பட, எழுத்து விடைகள் மட்டுமே எஞ்சின. அத்தொடரில்தான், தொற்றால் இறந்த மருத்துவப் பணியாளர்கள் பற்றிய தரவு ஒன்றிய அளவில் பராமரிக்கப்படவில்லை, சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு என்று சுகாதார அமைச்சகம் மாநிலங்களவைக்குச் சொன்னது. உடனே இந்திய மருத்துவச் சங்கம், உயிரிழந்த 382 மருத்துவர்களின் பட்டியலை வெளியிட்டது. 2021 பிப்ரவரியில் அதே அமைச்சகம் அதே அவைக்கு 162 மருத்துவர்கள், 107 செவிலியர்கள், 44 ஆஷா பணியாளர்கள் என்று எண்ணிக்கை தந்தது. அந்த எண்ணிக்கையையும் சங்கம் மறுத்தது என்பது வேறு செய்தி. ஐந்து மாதங்களில் திரட்ட முடிந்த தரவு, முதலில் கேட்டபோது திரட்டப்படாமலே கிடந்தது என்பதே இங்கு முக்கியம்.

சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கையில் ஒன்றிய அரசை இதற்குப் பொறுப்பாக்குவது கூட்டாட்சி நெறிக்கு முரணல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தொற்றுப் பணியில் இறக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கு 50 லட்சம் ரூபாய்க் காப்பீட்டை 2020 மார்ச்சில் அறிவித்தது ஒன்றிய அரசே. இழப்பீடு வழங்க முன்வந்த அரசு, இழப்பின் அளவு தன் எல்லைக்கு வெளியே என்று சொல்வது பொருந்தாது. மாநில உரிமை என்பது அதிகாரப் பங்கீடு. விடை சொல்லாமல் விலகுவதற்கான அனுமதிச் சீட்டு அல்ல.

துணைக் கேள்வி கேட்க வேண்டிய நேரத்தை உறுப்பினர்களே அமளியில் தொலைக்கிறார்களே என்ற மறுப்பும் உண்டு. உண்மைதான். பள்ளிகளின் ஆசிரியர் பணியிடங்கள் முதல் மருத்துவமனைப் படுக்கைகள் வரை ஆய்வாளர்கள் நம்பியிருக்கும் பல புள்ளிவிவரங்கள் எழுத்து விடைகளிலிருந்தே கிடைக்கின்றன என்பதும் உண்மை. அதனாலேயே எழுத்து விடைக்கும் ஒரு தொடர்ச்சி வேண்டும். 'தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்' என்று அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழி. மூன்று மாதத்தில் நிறைவேற்றப்பட வேண்டும். அவையின் உறுதிமொழிக் குழு அதைக் கண்காணிக்கும். 'தரவு பராமரிக்கப்படவில்லை' என்றாலோ எந்தக் கடமையும் எழுவதில்லை. முயல்வதாகச் சொன்ன அமைச்சகம் கண்காணிப்புக்கு ஆளாகிறது; முயலாதது தப்பிவிடுகிறது. ஒன்றிய அரசு நிதியோ காப்பீடோ வழங்கும் எந்தப் பொருளிலும் 'தரவு இல்லை' என்ற விடையையும் உறுதிமொழியாகவே கொள்ள வேண்டும். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. இரு அவைகளின் உறுதிமொழிக் குழுக்களும் உறுதிமொழி எது என்ற தம் வரையறையை விரித்தால் போதும்.