கன்றோடு கப்பலேறிய நோய்

பினாங்கில் தைப்பூசம் முடிந்த மறுநாள் எங்கள் வீடுகளில் கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு. 'என்னதான் பண்ணாலும் பழனிப் பஞ்சாமிர்தம் மாதிரி வரல.' அதற்குக் காரணம் முருகன் என்று சொல்வதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் விருப்பாச்சி என்ற மலைவாழைக்கும் அதில் பங்கு உண்டு. நீர்ச்சத்து குறைந்த பழம் அது. சர்க்கரை, நெய், தேன், ஏலக்காயோடு பிசைந்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் சேராமலே நாள்கணக்கில் கெடாமல் நிற்கும்.

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர் பக்கம் காப்பிச் செடிகளுக்கு நடுவே விளைகிற வாழை. 1970களில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை, பிறகு 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிப்போனது. வறட்சி, விலைச்சரிவு எல்லாம் எந்த விவசாயத்துக்கும் உள்ளவை. இங்கே முதல் குற்றவாளி ஒரு வைரஸ். அதை வாழைக்கு வாழை கொண்டுசேர்த்தது கடுகளவு பூச்சி ஒன்று. புத்தகத் தமிழில் அசுவினி, பேச்சில் செடிப்பேன்.

நோயின் பெயர் முடிக்கொத்து. ஒருமுறை பார்த்தால் மறக்காது. இலைக்காம்பில் கரும்பச்சைப் புள்ளியும் கோடுமாக, பழைய தந்திக் குறிகள் போல ஓடும். அடுத்தடுத்து வரும் இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நிற்கும். சின்ன வயதிலேயே பிடித்துவிட்டால் குலை தள்ளாது. மலையாளத்தில் குறுநாம்பு என்பார்கள். நாம்பு என்றால் குருத்து. நோயைப் பார்த்த விவசாயி வைத்த பெயர் என்று கேட்டவுடனே தெரிகிறது, இல்லையா?

இந்த நோய் முதலில் பதிவானது 1889இல், பிஜித் தீவுகளில். அங்கிருந்து கன்றுகளோடு ஆஸ்திரேலியா போனது. 1913இல் அங்கே கண்டார்கள். அதே 1913இல் இலங்கையிலும் கண்டார்கள். இலங்கையிலிருந்து 1940இல் கேரளத்துக் கோட்டயம் பக்கம் இறங்கியது. பிறகு தமிழ்நாட்டு மலைகள். மலேசியத் தமிழர்களுக்கு இந்தப் பட்டியலில் பழக்கமான வாடை அடிக்கும். நம் ஆட்களைக் கப்பலேற்றிய அதே பேரரசின் வழித்தடம்தான் இது. கூலிக்கப்பலில் நோய் வந்தது என்று நான் சொல்லவில்லை. தோட்டப் பொருளாதாரம் ஆளையும் கன்றையும் ஒரே கடலில் நகர்த்தியது என்கிறேன். 1994இல் வெளியான மரபணு ஒப்பீடு ஒன்றும் இதற்குத் துணை நிற்கிறது. இந்திய வைரஸ், பிஜி, ஆஸ்திரேலியா, எகிப்து வைரஸ்களோடு ஒரே குடும்பமாக நின்றது. நமக்குப் பக்கத்து வியட்நாமும் பிலிப்பைன்ஸும் வேறு குடும்பம். நிலப்படத்தில் எது எதற்குப் பக்கம் என்பது வைரஸுக்குப் பொருட்டில்லை. யார் யாரோடு வியாபாரம் செய்தார்கள் என்பதுதான் பொருட்டு.

ஆஸ்திரேலியாவில் 1920களின் நடுவில் ட்வீட் ஆற்றுப் பக்கத்து வாழைத் தொழில் ஏறக்குறைய படுத்துவிட்டது. மண் கெட்டுப்போச்சு, கிழங்கு அழுகுது என்று ஆளுக்கொரு காரணம் சொன்ன காலம். அங்கே ஆய்வுக்கு அமர்த்தப்பட்ட மேகி என்ற இளைஞர், இது வைரஸ் என்றும், வாழை அசுவினிதான் பரப்புகிறது என்றும் 1927இல் நிறுவினார். அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர்களிடம் மருந்து கிடையாது. சட்டம் போட்டார்கள். ஆய்வாளர் தோட்டம் தோட்டமாக நடந்தார். நோய் கண்ட வாழையை உடையவர் அழித்தே ஆகவேண்டும், கண்ட இடத்திலிருந்து கன்று வாங்கி நடக்கூடாது. தொழில் பிழைத்தது.

அசுவினியின் கணக்கைப் பார்த்தால் இந்தக் கெடுபிடி புரியும். நோயுள்ள வாழையில் அது சில மணி நேரமாவது சாறு உறிஞ்ச வேண்டும். வைரஸ் உள்ளே போய்விட்டால் ஆயுளுக்கும் கூடவே இருக்கும், குட்டிகளுக்கு மட்டும் போகாது. ஆனால் குட்டிகளும் அதே மரத்தில்தானே உறிஞ்சுகின்றன! ஆண் துணை இல்லாமலே பெண் பூச்சி குட்டி போட்டுக்கொண்டிருக்கும். கூட்டம் நெருக்கினால் சிலதுக்கு இறக்கை முளைக்கும். அப்படிப் பறந்தும் அது எவ்வளவு தூரம் நோயைக் கொண்டுபோகிறது என்று ஆஸ்திரேலியாவில் கணக்கெடுத்தபோது கிடைத்த சராசரி 15 முதல் 17 மீட்டர். ஒரு பேருந்தின் நீளத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். கடல் தாண்டியது பூச்சியின் இறக்கையால் அல்ல, மனிதர்களின் கையால்.

உருளைக்கிழங்குக்கும் இதே வில்லன் உண்டு, வேறு இன அசுவினி. வட இந்தியச் சமவெளி விவசாயிகள் ஒரு காலத்தில் நல்ல விதைக்கிழங்குக்கு ஆண்டுதோறும் இமயமலையை நம்பியிருந்தார்கள். புஷ்கர்நாத் என்ற ஆய்வாளர் சமவெளியிலேயே அசுவினி குறைந்த மாதங்கள் இருப்பதைக் கவனித்தார். அக்டோபரில் நடு, இலைகளில் பூச்சியை எண்ணிக்கொண்டே இரு. நூறு கூட்டிலைக்கு இருபது என்ற எல்லையைத் தொடுவதற்குள் மேல்செடியை அறுத்துவிடு. கிழங்கு மண்ணுக்குள் சுத்தமாக இருக்கும். பூச்சியோடு சண்டையே இல்லை, அது வருவதற்குள் கடையைக் கட்டிவிட வேண்டியதுதான்.

மலைவாழையில் அந்தத் தப்பிக்கும் வழி இல்லை. ஒருமுறை வைத்தால் கன்று மேல் கன்றாக ஆண்டுக்கணக்கில் நிற்கும் தோட்டம் அது. அசுவினிக்கு விடுமுறைக் காலமே கிடையாது. போதாததற்கு, அது மட்டையிடுக்கிலும் தண்டின் அடியிலும் பதுங்கி இருக்கும். பக்கக்கன்றைத் தோண்டினால் வைரஸும் வரும், அதைப் பரப்பும் பூச்சியும் கூடவே வரும். 'வாழையடி வாழையாக' என்று கல்யாணத்தில் வாழ்த்துகிறோம். தாயிடமிருந்து கன்றுக்கு நோய் போவதும் அப்படியேதான்.

கன்றை விலைக்கு விற்பதைவிடக் கேட்டவருக்குக் கொடுப்பதுதான் நம் பழக்கம். சம்பந்தி வீட்டுக்கு, புதுத் தோட்டம் போடும் தம்பிக்கு. பார்வைக்கு நல்லாத்தான் இருக்கும், ஏனென்றால் நோய் தெரிய மூன்று நான்கு வாரமாவது ஆகும். இந்தியாவில் 1914ஆம் ஆண்டுப் பூச்சிச் சட்டத்தின் கீழ் தமிழ்நாடு, கேரளம் போன்ற மாநிலங்களிலிருந்து வாழைக்கன்று வெளியே போகத் தடை வந்தது. தடை மாநில எல்லையைக் காத்தது. ஆடலூரிலிருந்து தாண்டிக்குடிக்குத் தோளில் போகும் கன்றை யார் நிறுத்துவது? ட்வீட் நதிக்கரையில் நடந்த ஆய்வாளர் போல ஒருவர் இங்கே ஒவ்வொரு மேட்டிலும் ஏறியிருக்க வேண்டும். அது நடக்காததை விவசாயியின் அறியாமை என்று எழுதிவிட்டுப் போவது எனக்கு ஒப்பவில்லை. காய்க்கப்போகிற மரத்தைத் தன் கையால் வெட்டச் சொன்னால், பக்கத்துத் தோட்டக்காரனும் வெட்டுவான் என்ற உறுதி வேண்டாமா?

பிறகு தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும், 1993இல் திருச்சியில் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் இந்த வாழைக்காக மெனக்கெட்டன. வைரஸ் இல்லை என்று சோதித்த தாய்மரத்தின் குருத்துநுனியிலிருந்து திசுவளர்ப்புக் கன்றுகள் வந்தன. விருப்பாச்சிக்கும் சிறுமலைப் பழத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. 2019இல் பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது.

ஆனால் திசுக்கன்றுக்கு நோய் இல்லையே தவிர, நோயைத் தாங்கும் சக்தி கிடையாது. பதினைந்து மீட்டர் தள்ளி ஒரு கொத்துவாழை நின்றால் அதற்கும் அதே கதிதான். அதனால் புதுக்கன்று வைத்த தோட்டத்திலும் பழைய வேலை போகவில்லை. குருத்திலையின் காம்பைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கோடு கண்டால் முதலில் மருந்தடித்து அசுவினியைக் கொல்ல வேண்டும், ஆஸ்திரேலியாவில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். அதன் பிறகே கிழங்கோடு தோண்டித் துண்டு போட வேண்டும். வரிசையை மாற்றி முதலில் மரத்தைச் சாய்த்தால், அதிலிருந்த பூச்சியெல்லாம் அடுத்த வாழைக்குக் குடிபோய்விடும்.