மோதிய அச்சுகள் விட்ட தடம்: லோதியர் காசு முதல் இன்றைய பிழைக்காசு வரை

புதுதில்லியின் லோதி ரோடு, 1451 முதல் 1526 வரை தில்லியை ஆண்ட ஓர் அரச மரபின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் அருகே சிக்கந்தர் லோதியின் கல்லறையை உள்ளடக்கிய தோட்டம், 1936இல் வில்லிங்டன் சீமாட்டியின் பெயரால் திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் நெல்சன் ரைட், தில்லி சுல்தான்களின் நாணயங்களையும் எடையளவைகளையும் வகைப்படுத்திய தம் பெருநூலை வெளியிட்டார். கல்லறைகளைக் காண்போர் பலர். அம்மரபு விட்டுச்சென்ற மற்றொரு சான்றாகிய காசுகளை ஊன்றிப் பார்ப்போர் மிகச் சிலரே.

லோதியர் காசுகளில் பெரும்பாலானவை செம்பில் சிறிதளவே வெள்ளி கலந்தவை. சிக்கந்தரின் காசில் ஒரு பக்கம் அரசர் பெயரும் தில்லி என்னும் நகர்ப்பெயரும், மறுபக்கம் கலீபாவைச் சுட்டும் தொடரும் ஆண்டும் அமைந்துள்ளன. உருவம் ஏதுமில்லை, எல்லாம் எழுத்தே. அச்சின் பரப்பைவிட உலோக வில்லை சிறிதாக இருந்தமையால், எழுத்துகளின் ஒரு பகுதியே காசில் விழுந்தது. ஆகவே எஞ்சியுள்ள துண்டு எழுத்துகளை வைத்தே ஆய்வாளர் அரசரையும் ஆண்டையும் கணிக்க வேண்டியுள்ளது. இத்தகைய காசில், இருக்கக்கூடாத ஒரு கோடு தோன்றினும் ஆண்டெண் தவறாகப் படிக்கப்படக்கூடும். அக்கோடு எங்கிருந்து வந்தது என்னும் வினா, எனவே, சேகரிப்பாளரின் வேடிக்கை வினா அன்று; காலக்கணிப்பைத் தொடும் வினா.

காசின் பிழைகளை மூவகையாகப் பிரிக்கலாம். முதலாவது வடிவமைப்பின் பிழை. 1911இல் வெளிவந்த ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளி ரூபாயில், மன்னரின் ஆடையணியிலிருந்த யானை பன்றியைப் போலத் தோன்றியதால் எதிர்ப்பெழுந்தது. அடுத்த ஆண்டே வடிவம் திருத்தப்பட்டது. இரண்டாவது அடிப்பின் பிழை. வில்லை விலகியிருந்தாலோ, முன்னர் அடித்த காசு அச்சில் ஒட்டிக்கொண்டாலோ இது நேரும். மூன்றாவது அச்சின் பிழை. இரு அச்சுகளுக்கும் இடையே வில்லை இல்லாத நேரத்தில் அடி விழுந்தால், அச்சுகள் ஒன்றோடொன்று மோதி, ஒன்றன் வடிவம் மற்றொன்றில் பதிகிறது. இதுவே அச்சு மோதல், நாணயச் சந்தையில் ‘டை கிளாஷ்’ எனப்படுவது.

இம்மூன்றாம் வகைக்கு ஆய்வில் தனி மதிப்புண்டு. விலகி அடிக்கப்பட்ட காசு தன்னைப் பற்றி மட்டுமே சொல்லும். மோதலின் தடமோ அச்சிலேயே தங்கிவிடுவதால், அச்சு மெருகிடப்படும்வரை அல்லது கைவிடப்படும்வரை, அதன்பின் அடிக்கப்படும் காசுகளிலெல்லாம் அதே இடத்தில் தோன்றும். ஆகவே ஒரு காசில் கண்டதை மற்றொரு காசில் சரிபார்க்க இயலும். தடமில்லாத காசு முந்தியது, தடமுள்ளது பிந்தியது என வரிசைப்படுத்தவும் இயலும். மெருகிட்டுத் தடம் நீக்கப்பட்டிருக்கலாம் என்னும் எச்சரிக்கை மட்டும் தேவை. எந்த முன்னச்சு எந்தப் பின்னச்சோடு இணைந்து பணியாற்றியது என்பதற்கும் அத்தடம் சான்றாகிறது. அக்கசாலையின் எழுதப்படாத பணிப்பதிவு அது.

மெய்யான மோதலை அறியும் முறை தெளிவானது. ஒரு பக்கத்தின் படத்தை இடவலம் மாற்றி, மறுபக்கத்தின் படத்தின்மேல் ஒளி ஊடுருவுமாறு பொருத்தினால் கோடுகள் இசைய வேண்டும். இயந்திரத்தில் பூட்டிய அச்சுகளுக்குக் கோணம் பெரும்பாலும் மாறாது. கையால் அடித்த காலத்தில் மேலச்சு அடிதோறும் திரும்பியிருக்கக்கூடும். மோதிய கணத்தின் கோணமும் காசு அடிக்கப்பட்ட கோணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எனவே லோதியர் காசில் படத்தைச் சுழற்றிச் சுழற்றியே பொருத்திப் பார்க்க வேண்டும். தடம் காணப்படும் இடமும் கருதத்தக்கது. அச்சுகள் மோதுகையில் முதலில் தொடுவன அவற்றின் சமதளங்களே. ஆகவே மெய்த்தடம் காசின் வெற்றுத்தளத்தில் விழும். இரு காசுகளைப் பிடிகருவியில் நெருக்கிச் செய்யும் போலியிலோ, புடைத்த பகுதிகளே நசுங்கியிருக்கும்.

காசை ஆய்ந்து சொல்வோரின் மரபு இந்நாட்டிற்குப் புதிதன்று. சங்கப் புலவர் சிலரின் பெயரில் வரும் ‘வண்ணக்கன்’ என்னும் சொல்லுக்கு நாணயச் சோதனை செய்பவர் என்பதே வழிவழிப் பொருள். தில்லி அக்கசாலையில் பணியாற்றிய தக்குர பேரு, தம் பட்டறிவைக் கொண்டு 1318இல் ‘திரவிய பரீட்சா’வை இயற்றி, பல நாட்டுக் காசுகளின் எடையையும் வெள்ளியளவையும் மாற்றுமதிப்பையும் தொகுத்தார். அளந்து, பிறர் சரிபார்க்கத்தக்க வகையில் எழுதிவைத்தலே அவர் முறை.

இன்று பிழைக்காசை வல்லுநரிடம் அளிப்போரும் அம்முறையையே பின்பற்ற வேண்டும். எடை, விட்டம், இருபக்கக் கோண வேறுபாடு, பக்கவாட்டு ஒளியில் எடுத்த இருபக்கப் படங்கள், காசு கிடைத்த சூழல் ஆகியவை இன்றியமையாதன. புளியோ அமிலமோ இட்டுத் தேய்த்த காசில் மெல்லிய தடம் முதலில் அழியும். சட்டமும் குறுக்கிடுகிறது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுப் பழமையுடைய காசைத் தனியார் அயல்நாட்டிற்கு அனுப்ப இயலாது. 1911ஆம் ஆண்டு ரூபாயும் இன்று அவ்வரம்புக்குள் வந்துவிட்டது. ஆகவே பழங்காசுகளை வெளிநாட்டுத் தரச்சான்று நிறுவனங்களுக்கு அனுப்பும் வழி அடைபட்டது. உள்நாட்டு அருங்காட்சியகங்களும் பல்கலைக்கழகங்களுமே அப்பணியை ஏற்க வேண்டியுள்ளன.

தொழிற்சாலை அடித்த இக்காலக் காசின் பிழைக்குச் சந்தை தரும் விலை ஏறும், இறங்கும். புதையலிலிருந்து ‘விசித்திரமான’ ஒரு காசை மட்டும் பிரித்து விற்கும்போது ஏற்படும் இழப்போ மீளாதது. அக்காசின் தடத்தை உறுதிசெய்யக்கூடிய இணைக்காசுகள் அதே குவியலில்தான் இருந்திருக்கும்.