மறைப்பு சுருங்கிய வரலாறு: குழூஉக்குறி முதல் பொதுச்சாவி வரை

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டத்திலிருந்து பொறியியல் படிக்கப் போகும் மாணவருக்கு எட்டும் தொலைவில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இரண்டு உள்ளன. ஒன்று திண்டிவனத்தை அடுத்த மேல்பாக்கத்தில், மற்றொன்று விழுப்புரத்தில். இரண்டும் 2008இல் தொடங்கியவை. அங்கே கணினித் துறை மாணவர்கள் படிக்கும் தாள்களுள் ஒன்று 'கிரிப்டோகிராபி'. குறியாக்கவியல் என்று தமிழில் சொல்லலாம். ஒற்றர்களும் படைத்தலைவர்களும் பொத்திக் காத்த கலை, கரும்பலகையில் எழுதிப்போடும் பாடமானது எப்படி? மறைக்க வேண்டியதன் அளவு காலந்தோறும் சுருங்கியது. சுருங்கச் சுருங்கவே இத்துறை கற்பிக்கத்தக்கதாயிற்று என்பது இக்கட்டுரையின் கருத்து.

மொழியே மறையாக இருந்த நிலை

ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் வழங்கும் குழூஉக்குறியைப் பவணந்தியாரின் நன்னூல் தகுதி வழக்கில் அடக்குகிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் உரையாசிரியர்கள் காட்டும் சான்றுகள். எதிரே வாடிக்கையாளர் நிற்கும்போதே இரு கொல்லர்கள் பொன்னைப் பற்றிப் பேசிக்கொள்ள இச்சொல் உதவும். ஆனால் இங்கே மறைவு முழுவதும் சொல்லில் இருக்கிறது. சொல் ஒருமுறை வெளியே கசிந்தால் வேறு காப்பு இல்லை. நூலில் பதிவான அன்றே 'பறி' தன் மறைவை இழந்துவிட்டது.

தண்டியலங்காரம் சொல்லும் காதைகரப்பு இதற்கு நேர் எதிரானது. ஒரு செய்யுளின் ஈற்றிலிருந்து தொடங்கி ஓரெழுத்து விட்டு ஓரெழுத்தாக வாசித்தால் வேறொரு செய்யுள் கிடைக்கும். இன்றைய கிரிப்டோகிராபி தாளின் முதல் அலகில் வரும் எழுத்து இடமாற்றமும் செய்தி ஒளிப்பும் இதற்கு நெருங்கிய உறவு. எனினும் வாசிக்கும் முறையை இலக்கணமே சொல்லிவிடுவதால், இது புலமை விளையாட்டாகவே நின்றது. முறை தெரிந்தும் உடையாத மறை ஒன்று உண்டா என்ற கேள்வி அப்போது எழவில்லை.

சாவி மட்டும் மறைந்த நிலை

அக்கேள்விக்குத் தெளிவான வடிவம் கொடுத்தவர் பாரிசில் ஜெர்மன் மொழி கற்பித்த ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ். இராணுவக் குறியாக்கம் பற்றி 1883இல் அவர் வெளியிட்ட கட்டுரை, முறை எதிரியின் கையில் சிக்கினாலும் தொல்லை நேரக்கூடாது என்று நிபந்தனை விதித்தது. பூட்டின் அமைப்பு ஊருக்கே தெரியட்டும்; சாவி மட்டும் மடியில் இருந்தால் போதும் என்பதே அதன் சாரம்.

கொள்கை பழையதானாலும் நடைமுறைக்கு வர ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆனது. அமெரிக்க அரசு 1977இல் டி.இ.எஸ். என்ற குறியாக்க முறையைப் பொதுத் தரமாக அச்சிட்டு வெளியிட்டது. 56 பிட் சாவியைத் தவிர அதில் ஒளிவுமறைவான பகுதி இல்லை. வலுவான ஒரு குறியாக்க முறையைப் பல்கலைக்கழகங்கள் பிரித்துப் பார்த்து ஆராய வழி பிறந்தது.

பாதிச் சாவியும் பொதுவாதல்

1976இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் இன்னும் ஒரு படி போனார்கள்: சாவியிலும் ஒரு பாதியை ஊரறியச் சொல்லிவிடலாம். அதைச் செய்துகாட்டும் முறையை ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் 1977இல் கண்டறிந்து 1978இல் வெளியிட்டனர். பிரிட்டனின் உளவு அமைப்பைச் சேர்ந்த கிளிஃபர்ட் காக்ஸ் 1973லேயே இதே வழியைக் கண்டிருந்தார். அது 1997 வரை வெளியே வரவில்லை. காக்ஸின் தாள் கோப்புக்குள் கிடந்தது. மூவரின் தாள் பாடநூலுக்குள் போனது.

தேர்வில் 13 மதிப்பெண் வினாவாக வரும் கணக்கு இது. 5, 11 என்ற பகா எண்களைப் பெருக்கினால் 55. ஒவ்வொன்றிலும் 1 குறைத்துப் பெருக்கினால் 40. பொதுச்சாவியாக 3ஐ எடுத்தால் தனிச்சாவி 27; ஏனெனில் 3 × 27 = 81, அதை 40ஆல் வகுக்க மீதி 1. அனுப்ப வேண்டிய செய்தி 8 எனில், அதன் மூன்றாம் அடுக்கு 512. 55ஆல் வகுக்க மீதி 17. இந்த 17ஐ 27ஆம் அடுக்குக்கு உயர்த்தி 55ஆல் வகுத்தால் மீதியாக மீண்டும் 8 வரும். 55ம் 3ம் எல்லாருக்கும் தெரியும், 27 ஒருவருக்கு மட்டுமே தெரியும். 55ஐ யாரும் நொடியில் பகா எண்களாகப் பிரித்து 27ஐக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் இரு பெரிய பகா எண்களைப் பெருக்கிப் பெற்ற அறுநூறு இலக்க எண்ணைப் பிரிக்க இன்றைய கணினிகளால் முடியாது. இம்முறையின் காப்பு அந்த இயலாமையில்தான் நிற்கிறது.

பாடத்திட்டத்தில் நேர்ந்த மாற்றம்

இந்திய அரசின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17இல் நடைமுறைக்கு வந்தது. தனிச்சாவியால் இட்டுப் பொதுச்சாவியால் சரிபார்க்கும் மின்கையொப்பத்துக்கு அது சட்டத் தகுதி அளித்தது. 2002இல் சென்னையில் 'செட்ஸ்' என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் உருவானது. இந்தியக் குறியாக்கவியல் மாநாடான இண்டோகிரிப்ட் 2004, 2007, 2011 ஆகிய ஆண்டுகளில் சென்னையில் கூடியது.

இனிப் பாடத்திட்டத்துக்கு வருவோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013, 2017 ஒழுங்குமுறைகளில் இத்தாள் 'கிரிப்டோகிராபி அண்ட் நெட்வொர்க் செக்யூரிட்டி' எனப்பட்டது. 2021இல் 'கிரிப்டோகிராபி அண்ட் சைபர் செக்யூரிட்டி' ஆனது. தாளின் உள்வரிசையும் கவனிக்கத்தக்கது. 2017 தாளில் எழுத்து மாற்றும் பழைய முறைகளில் தொடங்கி, ஒரே சாவி முறை, பொதுச்சாவி முறை என நகர்ந்து, நான்காம் அலகில் செய்தியின் மெய்ம்மையை உறுதிசெய்வதற்கு வருகிறார்கள். ஒளிப்பதைக் கற்ற மாணவர், உறுதி கூறுவதை அதன்பின் கற்கிறார்.

முடிவுரை

வானூர் வட்டாட்சியர் அலுவலகம் வழங்கும் வருமானச் சான்றிதழை எடுத்துக்கொள்வோம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் அலுவலரின் மின்கையொப்பத்துடன் அது வரும். பெயர், ஊர், வருமானம் எல்லாம் யாரும் படிக்கும்படி அச்சாகியிருக்கும். அதில் ஒளிக்கப்பட்ட எழுத்து ஒன்றுகூட இல்லை. மறைவாக இருப்பது கையொப்பமிட்டவரின் தனிச்சாவி மட்டும். கொல்லர்கள் ஒரு சொல்லை மறைத்துப் பொருளைக் காத்தார்கள். இங்கே பொருளைத் திறந்துவைத்து, அதைச் சொன்னவர் யார் என்பதைக் காக்கிறோம். உதவித்தொகைக்காக இச்சான்றிதழைக் கல்லூரியில் கொடுத்துச் சேரும் மாணவர், சில பருவங்கள் கழித்து அதே கையொப்பத்தின் கணக்கைக் கையால் போட்டுப் பார்க்கிறார்.