வன்னியில் இசையின் செல்வாக்கு (1990–2002)

இலங்கையின் வன்னிப் பெருநிலப்பரப்பில், 1990 யூனில் அரசுக்கும் தமிழீழ விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டது முதல் 2002 பெப்ரவரிப் போர்நிறுத்தம் வரையான காலத்தில், எந்த இசை எவ்வளவு செல்வாக்குப் பெற்றது என்பதே இக்கட்டுரையின் பொருள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்கள் இங்கு முதன்மையாகக் கருதப்படுகின்றன. இதே காலத்தில் மேலைநாடுகளில் றொக் இசைக்குழுக்கள் விற்பனைப் பட்டியல்களில் ஒன்றையொன்று முந்தப் போட்டியிட்டன. வன்னியில் அப்படியொரு பட்டியல் இருக்கவில்லை. அங்கே தமிழ்த் திரையிசையும் போராட்ட எழுச்சிப் பாடல்களும் ஒரே வானொலிப் பெட்டியையும் ஒரே பற்றறியையும் பங்குபோட்டன. மேலைநாட்டு றொக் குழுக்கள் நேரடியாக அங்கு வேரூன்றவில்லை. அவற்றின் ஓசை சென்னைத் திரையிசைக்குள் கரைந்தே வந்து சேர்ந்தது. இரசனையைவிட மின்சாரமும் அலைவரிசையும் சோதனைச்சாவடியுமே அங்கு செல்வாக்கைத் தீர்மானித்தன.

விற்பனைப் பட்டியலும் அதன் எல்லையும்

இசைக்குழுக்களின் செல்வாக்கை நாடுகளிடையே ஒப்பிடுவோர் பெரும்பாலும் விற்பனை எண்ணிக்கையையே எடுத்துக்கொள்வர். இதற்கு அடிக்கடி காட்டப்படும் எடுத்துக்காட்டு பிரித்தானியக் குழுக்களான ஒயேசிஸ், பிளர் இரண்டின் போட்டி. 1995 ஓகஸ்ட் 14 அன்று இரு குழுக்களும் ஒரே நாளில் தனிப்பாடல் தட்டுகளை வெளியிட்டன. அந்த வாரம் பிளரின் தட்டு ஏறத்தாழ 2,74,000 படிகளும் ஒயேசிஸின் தட்டு ஏறத்தாழ 2,16,000 படிகளும் விற்றன. ஆனால் அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். அங்கே ஒயேசிஸின் இரண்டாவது தொகுப்பு பில்போர்ட் பட்டியலில் 4ஆம் இடம்வரை ஏறியது. பிளரின் அதே ஆண்டுத் தொகுப்பு 150ஆம் இடத்தைத் தாண்டவில்லை.

கணக்கெடுக்கும் முறை மாறினாலும் முடிவு மாறும். 1991 மே மாதத்தில் பில்போர்ட் இதழ், கடைக்காரர்களிடம் கேட்டு எழுதும் பழைய வழக்கத்தைக் கைவிட்டு, விற்பனையைக் கருவி வழியே பதியும் சவுண்ட்ஸ்கான் முறைக்கு மாறியது. அதன் பின் வந்த 1992 சனவரியில் நிர்வானாவின் தொகுப்பு மைக்கேல் ஜாக்சனின் தொகுப்பை முதலிடத்திலிருந்து இறக்கியது. 1993 ஒக்டோபரில் பேர்ல் ஜாம் குழுவின் இரண்டாவது தொகுப்பு முதல் வாரத்திலேயே ஏறத்தாழ ஒன்பதரை இலட்சம் படிகள் விற்றது.

இவ்வகை ஒப்பீட்டுக்குக் கடை வேண்டும், பற்றுச்சீட்டு வேண்டும், மக்கள்தொகைக் கணக்கும் வேண்டும். வன்னியில் மூன்றும் குலைந்திருந்தன. 1981இன் பின் இலங்கையின் அடுத்த குடிசன மதிப்பீடு 2001இலேயே நடந்தது. அதுவும் 25 மாவட்டங்களில் 18இல் மட்டுமே முழுமையாக நடத்தப்பட்டது. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அந்தப் பதினெட்டில் அடங்கவில்லை. ஆட்களையே எண்ணமுடியாத இடத்தில் கசற்றுகளை எண்ண வழியில்லை. ஆகவே வன்னியின் இசைச் செல்வாக்கை அறிய, எது எவ்வழியாக எட்டியது, எது எத்தனை முறை படியெடுக்கப்பட்டது, எது பொது இடத்தில் ஒலித்தது என்பனவற்றையே பார்க்கவேண்டியுள்ளது.

நிலமும் தடையும்

1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியதும் வடக்குக்கான மின்விநியோகம் நின்றுபோனது. எரிபொருள், பற்றறி, சவர்க்காரம் உட்படப் பல பொருட்களைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் கொண்டுசெல்ல அரசு தடைவிதித்தது. வவுனியா நகரும் அதன் தெற்குப் பகுதியும் அரசின் கையிலும், அதற்கு வடக்கே பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கையிலும் இருந்தன. எனவே ஒரே வன்னிக்குள் இரண்டு வகைக் கேட்போர் உருவாகினர். வவுனியா நகரில் மின்சாரமும் ரூபவாகினி நிகழ்ச்சிகளும் கசற் கடைகளும் இருந்தன. தாண்டிக்குளம் சோதனைச்சாவடிக்கு அப்பால் இவை எவையும் இல்லை.

1995 ஒக்டோபர் 30இல், இராணுவம் முன்னேறியபோது, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தனர். தென்மராட்சியில் தங்கியவர்களுள் பெருந்தொகையினர் 1996இன் முற்பகுதியில் கிளாலிக் கடல்நீரேரியைத் தாண்டி வன்னிக்குள் வந்தனர். யாழ்ப்பாணத்துப் பாடகர்களும் இசையமைப்பாளர்களும் ஒலிப்பதிவுக் கருவிகளும் அவர்களோடு வந்து சேர்ந்ததால் வன்னியின் இசைச் சூழல் மாறியது. 1996 செப்டெம்பரில் கிளிநொச்சியை இராணுவம் கைப்பற்றியதும் மல்லாவியும் புதுக்குடியிருப்பும் மக்கள் செறிந்த மையங்களாயின. 1997 மே மாதம் தொடங்கிய இராணுவத்தின் ‘ஜயசிக்குறு’ நடவடிக்கை, யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ9 வீதியோரக் கிராமங்களை வெறுமையாக்கியது. 1998 செப்டெம்பரில் கிளிநொச்சி மீண்டும் புலிகள் வசமானது.

கேட்கும் கருவிகள்

பற்றறி கிடைக்காத நிலையில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்னைக் கொண்டு வானொலியும் ‘ரேப் ரெக்கோடரும்’ இயக்கப்பட்டன. சுற்றும் வேகம் குறைந்தால் பாட்டும் இழுபடும். தீர்ந்த பற்றறிகளை வெயிலில் காயவைத்து மேலும் சிறிது நேரம் பயன்படுத்தும் வழக்கமும் பரவலாக இருந்தது. தடையை மீறி வந்த பற்றறிகள் பல மடங்கு விலைக்குப் போயின. ஆதலால் எந்தப் பாட்டுக்குப் பற்றறியைச் செலவழிப்பது என்பது வீட்டில் யோசித்து முடிவெடுக்கும் காரியமாயிற்று. செய்திக்கே முதலிடம், மிச்சமிருந்தால் பாட்டு.

படம் பார்ப்பதற்குத் தொலைக்காட்சி, ‘டெக்’, மின்பிறப்பாக்கி மூன்றையும் வாடகைக்கு எடுத்தனர். எரிபொருளுக்கு அயலவர்கள் காசு சேர்த்தனர். ஒரே இரவில் இரண்டு மூன்று படங்கள் ஓடும். புதிய திரைப்பாடல்கள் பலரை முதன்முதலில் எட்டியது இப்படித்தான். ஒருவர் வாங்கிய கசற் பல கைகளுக்குப் படியெடுத்துக் கொடுக்கப்பட்டதால், விற்ற எண்ணிக்கைக்கும் கேட்ட எண்ணிக்கைக்கும் தொடர்பே இருக்கவில்லை.

வானொலி

வன்னியில் கேட்கக்கூடிய வானொலிகள் நான்கு வழிகளில் வந்தன. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவை கொழும்பிலிருந்தும், அகில இந்திய வானொலியின் தமிழ் ஒலிபரப்புகள் பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்தும் வந்தன. பி.பி.சி. தமிழோசையும் மணிலாவின் வெரித்தாஸ் தமிழ்ப்பணியும் சிற்றலையில் கிடைத்தன. நான்காவது, 1990இல் யாழ்ப்பாணத்தில் பண்பலையில் தொடங்கி, 1995–96 இடப்பெயர்வின் பின் வன்னியிலிருந்து இயங்கிய ‘புலிகளின் குரல்’. செய்தி, நாடகம், கவிதை, எழுச்சிப் பாடல் ஆகியவை அதில் இடம்பெற்றன.

1998இல் கொழும்பில் சூரியன் எஃப்.எம்., சக்தி எஃப்.எம். ஆகிய தனியார் தமிழ் வானொலிகள் தொடங்கின. அதன்பின், அலை எட்டிய இடங்களில், நாள் முழுவதும் புதிய திரைப்பாடல் கேட்கும் பழக்கம் வந்தது.

திரையிசை

1990களின் தமிழ்நாட்டில் திரையிசை இரசிகர்கள் இளையராஜா, ஏ. ஆர். ரகுமான், தேவா என அணி பிரிந்தனர். 1991இல் ‘தளபதி’ இளையராஜாவின் உச்சத்தைக் காட்டியது. 1992இல் ‘ரோஜா’ ரகுமானை அறிமுகம் செய்தது. அதே ஆண்டு ‘அண்ணாமலை’யும் 1995இல் ‘பாட்ஷா’வும் தேவாவை ஒலிபெருக்கிகளின் அரசராக்கின. றொக் குழுக்களின் போட்டிக்கு நிகராகத் தமிழுலகில் எதையேனும் சொல்லவேண்டுமானால் இந்த மும்முனைப் போட்டியைத்தான் சொல்லவேண்டும்.

வன்னியில் இப்போட்டி மற்றொரு விதமாக நடந்தது. புதிய கசற்றுகள் காலந்தாழ்ந்து வந்ததால் பழைய பாடல்களின் ஆயுள் நீண்டது. கையிலிருந்த 1980களின் இளையராஜா நாடாக்கள் தேயும்வரை ஓடின. ரகுமானின் இசையில் முக்கியமான தாழ்சுரத் தாளமும் நுண்ணிய ஒலியடுக்கும் டைனமோவில் ஓடும் சிறிய ஒலிபெருக்கியில் பெரும்பாலும் காணாமற்போயின. குரலும் மெட்டும் முன்னிற்கும் பாடல்கள் அதே கருவியில் சேதமின்றி ஒலித்தன. அத்துடன் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் திரைப்படங்கள் தணிக்கைக்கு உட்பட்டன. பாலியல் சாயல் மிகுந்த காட்சிகளும் பாடல்களும் தடுக்கப்பட்டன. எல்லைக்கு அப்பால் வவுனியா நகரில் இத்தடை இல்லை.

எழுச்சிப் பாடல்கள்

போராட்டப் பாடல்கள் வன்னியின் பொதுவெளியில் மிகுதியாக ஒலித்த இசைவகை. தொடக்கத்தில் இவற்றுள் பல தமிழ்நாட்டில் பதிவாகின. தேவேந்திரன் இசையமைத்த ‘களத்தில் கேட்கும் கானங்கள்’ இவ்வகையில் புகழ்பெற்ற ஒலிநாடா. தேனிசை செல்லப்பா, வாணி ஜெயராம் போன்ற தமிழகப் பாடகர்கள் இப்பாடல்களைப் பாடினர். 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டு, 1992இல் இந்தியா புலிகளைத் தடைசெய்ததும் அந்த வழி அடைபட்டது. ஒலிப்பதிவு ஈழத்துக்குள் நகர்ந்தது. இதனால் உள்ளூர்க் குரல்களுக்கு இடம் கிடைத்தது.

புதுவை இரத்தினதுரையின் வரிகளும் இசைவாணர் கண்ணனின் இசையும் இக்காலப் பாடல்களுக்கு அடையாளமாயின. இறந்த புலிகளின் கல்லறைகளான துயிலுமில்லங்களில் ஆண்டுதோறும் நவம்பர் 27 அன்று ஒலித்த பாடலும் இவ்விருவரின் ஆக்கமே. பாடியவர் வர்ண ராமேஸ்வரன். கிளிநொச்சியில் வாழ்ந்த எஸ். ஜி. சாந்தன் எழுச்சிப் பாடல்களாலும் பக்திப் பாடல்களாலும் வன்னியின் மிக அறியப்பட்ட குரலானார். விடுதலைப் புலிகளின் கலை பண்பாட்டுக் கழகம் ‘வெளிச்சம்’ இதழோடு இசைநாடா வெளியீடுகளுக்கும் பொறுப்பாக இருந்தது.

இப்பாடல்களின் செல்வாக்கை மதிப்பிடும்போது இரண்டு செய்திகளைச் சேர்த்தே பார்க்கவேண்டும். உறவுகளை இழந்த குடும்பங்கள் பலவற்றுக்கு இவை துயரத்தின் வடிகாலாக இருந்தன. அதேவேளை, ஆட்சேர்ப்புக்கும் பரப்புரைக்கும் பயன்பட்ட இவற்றுக்கு, அப்பகுதியில் மாற்றுக் குரல் எழுப்பும் ஊடகம் எதுவும் போட்டியாக அனுமதிக்கப்படவில்லை. விரும்பிக் கேட்டது எவ்வளவு, கேட்கும்படி நேர்ந்தது எவ்வளவு என்று ஒலிபெருக்கியின் கீழ் நின்றவர்களைப் பிரித்துக் கணக்கிடுதல் இயலாது.

கூத்தும் கோயிலும்

மின்சாரம் தேவைப்படாத கலைகள் இக்காலத்தில் வலுப்பெற்றன. முல்லைத்தீவின் கோவலன் கூத்தும், வடபகுதி எங்கும் ஆடப்பட்ட காத்தவராயன் கூத்தும் இரவிரவாக நடந்தன. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல் வன்னியின் மிகப் பெரிய கூடுகைகளுள் ஒன்று. இசைக்குழுக்களுக்கு நேருக்கு நேர் போட்டி என்பது கோயில் திருவிழாவிலேயே நிகழ்ந்தது. இரண்டு மேளக் குழுக்களை எதிரெதிரே அமர்த்தி வாசிக்கவைக்கும் ‘மேளச் சமா’வும், திரைப்பாடல் பாடும் ‘கோஷ்டி’களும் வடபுலத்துத் திருவிழாக்களின் நீண்டகால வழக்கங்கள். எந்தக் குழுவின் முன் கூட்டம் கலையாமல் நின்றதோ அதுவே வென்றது.

றொக் இசை

கொழும்பில் ஆங்கிலப் பண்பலை வானொலிகளைக் கேட்டு வளர்ந்த ஒரு நகரத் தலைமுறை, 1990களின் முடிவில் ‘ஸ்ரிக்மாற்றா’ போன்ற உள்ளூர் மெட்டல் குழுவை உருவாக்கியது. சிங்களக் கேட்போரிடையே 1970களிலிருந்து இயங்கிய ‘ஜிப்சீஸ்’ குழு தொடர்ந்து முன்னிலையில் இருந்தது. இவ்விரண்டு போக்கும் வவுனியா நகருக்கு அப்பால், ஓமந்தைக்கு வடக்கே எட்டவில்லை. அங்கே ஆங்கில நிகழ்ச்சிக்குப் பற்றறி செலவழிப்பார் அரிது. ஈழத்தில் 1970களில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் வளர்த்த தமிழ்ப் பொப்பிசையும் புதிய தலைமுறையைப் பெறாமல் பழைய நினைவாகவே தங்கியது.

ஆயினும் றொக் இசை வேறு பெயரில் வந்தது. ரகுமான் திரைக்கு வருமுன் சென்னையில் ‘ரூட்ஸ்’, ‘நெமிசிஸ் அவென்யூ’ ஆகிய குழுக்களில் வாசித்தவர். ‘ரூட்ஸ்’ குழுவில் அவரோடிருந்த சுரேஷ் பீட்டர்ஸ் 1994இல் ‘காதலன்’ படத்தில் ராப் பாடினார். 1996இல் ‘லவ் பேர்ட்ஸ்’ படத்துக்காகப் பிரித்தானியப் பாடகர் அப்பாச்சி இந்தியன் ரகுமான் இசையில் பாடினார். வன்னி இளைஞர் மின்கிற்றாரையும் டிரம்ஸ் தாளத்தையும் கேட்டது பெரும்பாலும் இத்தகைய பாடல்களில்தான். அவர்களைப் பொறுத்தவரை அது சினிமாப் பாட்டு.

புலம்பெயர்ந்தோரிடம்

போரால் வெளியேறிய தமிழரிடம் கேட்பு முறை தலைகீழாக இருந்தது. கடைகளில் எல்லா இசையும் கிடைத்தது. ஊரிலிருந்து வந்த எழுச்சிப் பாடல் நாடாவே அரிய பொருளாயிற்று. 1997இல் இலண்டனில் தொடங்கிய ஐ.பி.சி. தமிழ் வானொலி அப்பாடல்களை ஐரோப்பாவெங்கும் கேட்கச் செய்தது.

ஒயேசிஸ்–பிளர் காலத்துப் பிரித்தானிய இசைக்கும் ஈழத்தமிழருக்கும் நேரடித் தொடர்பு ஒன்றும் உண்டு. 1986இல் அகதியாக இலண்டன் திரும்பிய மாதங்கி அருள்பிரகாசம், ‘எலாஸ்றிக்கா’ குழுவின் 2000ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு அட்டை வடிவமைத்து, அக்குழுவின் அமெரிக்கப் பயணத்தைப் படம்பிடித்தார். பின்னர் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005இல் ‘அருளர்’ தொகுப்பை வெளியிட்டு உலகப் புகழ் பெற்றார். அத்தொகுப்பின் பெயர், ஈழப் போராட்ட இயக்கங்களுள் ஒன்றான ஈரோஸோடு தொடர்புடைய அவரது தந்தையின் புனைபெயர்.

2002இன் பின்

2002 போர்நிறுத்தத்தோடு பொருட்தடை தளர்ந்து ஏ9 வீதி திறக்கப்பட்டது. இறுவட்டுகளும் பற்றறிகளும் வன்னிக்குள் வந்ததும், 1990களில் தவறவிட்ட பாடல்களும் புதிய பாடல்களும் ஒரே நேரத்தில் கிடைத்தன. போர் மீண்டும் மூண்டபின், 2007 நவம்பர் 27 அன்று கிளிநொச்சி அருகே ‘புலிகளின் குரல்’ நிலையம் விமானத்தாக்குதலுக்கு உள்ளானது. 2009 மே மாதத்தின் பின் எழுச்சிப் பாடல்கள் பொதுவெளியிலிருந்து மறைந்தன. புதுவை இரத்தினதுரை போரின் முடிவில் சரணடைந்தபின் காணாமலாக்கப்பட்டோர் வரிசையில் உள்ளார். சாந்தன் கோயில் மேடைகளில் தொடர்ந்து பாடி, 2017 பெப்ரவரியில் காலமானார். வர்ண ராமேஸ்வரன் 2021இல் கனடாவில் காலமானார்.

திரையிசையின் செல்வாக்கு அரசியல் மாற்றங்களைத் தாண்டி நின்றது. 2024 பெப்ரவரி 9 அன்று, ரகுமானின் 1990களின் பாடல்களால் புகழ்பெற்ற ஹரிஹரன் யாழ்ப்பாணம் முற்றவெளியில் பாடியபோது, தடுப்புகளை மீறிக் கூட்டம் உள்ளே புகுந்து நிகழ்ச்சி இடையில் தடைப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு முன் வடபுலத்தில் எது கேட்கப்பட்டது என்பதற்கு விற்பனைக் கணக்கு கிடைக்காதபோது, இத்தகைய பிற்காலச் சான்றுகளையும் ஒப்பீட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டியுள்ளது.