பொன்பரப்பியும் பொன்னின் காலமும்

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், கலா ஓயாவுக்கு அண்மையில், வில்பத்துக் காட்டினுள் அமைந்துள்ளது பொம்பரிப்பு. பொன்பரப்பி எனும் அதன் தமிழ்ப்பெயர் பொன் பரந்த நிலத்தை நினைவூட்டினும், ஆய்வாளரை அங்கு ஈர்த்தது பொன்னன்று. மண்ணுட் புதைந்த ஈமத்தாழிகளே. 1924இல் ஹோக்கார்ட் அவ்விடத்தை அகழ்ந்தார். 1956-57இல் தொல்பொருள் திணைக்களமும், 1970இல் விமலா பெக்லி முதலானோரும் அப்பணியைத் தொடர்ந்தனர். தாழிகளில் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகளும், கறுப்பு-சிவப்பு மட்கலங்களும் காணப்பட்டன. மன்னார்க் குடாவுக்கு அப்பால், தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு இவற்றை அறிஞர் ஒப்பிடுவர்.

ஆதிச்சநல்லூரில் 1899-1905 காலப்பகுதியில் அலெக்சாந்தர் இரீ பொற்பட்டங்களைக் கண்டெடுத்தார். அப்பொன்னின் காலம் யாது? இவ்வினாவினுள் இரு வினாக்கள் உள. பொன் பாறையிற் படிந்த காலம் ஒன்று. மனிதனோடு அது மண்ணுட் சென்ற காலம் மற்றொன்று.

இயற்கைப் பொன்னுக்கு ஒரே சமதானிதான் உண்டு, அதுவும் தேய்வுறாதது. ஆகவே பொன் தன் வயதைத் தானே கூறாது. அதனோடு படிந்த கந்தகக் கனியங்களே சான்று பகர்கின்றன. அவற்றிலுள்ள இரேனியம் 187, ஏறத்தாழ 4,160 கோடி ஆண்டு அரைவாழ்வுடன் ஒசுமியம் 187 ஆக மாறுகிறது. இவ்விரண்டின் விகிதத்தை அளந்து படிவின் காலத்தைக் கணிக்கலாம். இத்தகைய சமதானி முறைகள் பலவற்றால், கோலாரை உள்ளடக்கிய தார்வார்ப் பகுதியின் பொற்படிவுகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு பழமையுடையன என அறிகிறோம்.

புதைத்த காலத்தைக் காண 5,730 ஆண்டு அரைவாழ்வுடைய காபன் 14 துணைபுரியும். ஆயின் அதுவும் கூறுவது கரியின் அல்லது எலும்பின் காலத்தையே. ஆதிச்சநல்லூர் மாதிரிகள் இரண்டுக்குக் கி.மு. 905, கி.மு. 696 என்னும் காலங்கள் 2019இல் வெளியிடப்பட்டன. அவ்வாண்டுகளைத் தாழிகளின் ஒப்புமை ஒன்றை மட்டும் கொண்டு பொம்பரிப்புக்கு இரவல் வழங்குதல் முறையாகாது. ஒரு வழக்கம் பல நூற்றாண்டுகள் நிலைக்கக் கூடியது.

இத்தீவில் முதலிற் குடியேறியோர் யார் என்னும் பூசலில், ஒவ்வொரு தாழியும் ஓர் இனத்தின் காணியுறுதியாகக் காட்டப்படுகிறது. சமதானியோ ஓர் உயிர் மடிந்த காலத்தைக் கூறுமேயன்றி, அவ்வுயிர் பேசிய மொழியைக் கூறாது. தாழிகள் உணர்த்துவது கடலின் இரு கரைகளிலும் வாழ்ந்த மக்களிடையே நிலவிய பண்பாட்டு உறவினை. அவ்வுறவை உரிமை வழக்காகச் சுருக்குதல் அறிவியலுக்கும் வரலாற்றுக்கும் ஒருங்கே இழைக்கும் அநீதி என்பதே எமது துணிபு.