தரங்கம்பாடிக்கு வந்த மாணவர்

1706 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9 ஆம் நாள் செருமானிய இளைஞர் இருவர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினர். ஒருவர் பார்த்தலோமேயு சீகன்பால்கு. வயது ஏறத்தாழ இருபத்து நான்கு. மற்றவர் அவரினும் சில ஆண்டுகள் மூத்தவரான என்றிக்கு புளூட்சோ. தேனிய மன்னர் நான்காம் பிரெடரிக்கு இவர்களைச் சமயப் பணிக்கு அனுப்பியிருந்தார். தஞ்சை இரகுநாத நாயக்கர் 1620 இல் இசைவளித்தது முதல் அவ்வூர் தேனிய வணிகக் கழகத்தாரிடம் இருந்தது. சமயப் பணி வணிகத்துக்கு இடையூறாகும் என அஞ்சிய அதிகாரிகள் அரச ஆணையோடு வந்தோரை முகங்கொடுத்து வரவேற்கவில்லை. ஏழு மாதக் கடற்பயணத்தின் முடிவில் கிடைத்த உபசாரம் அதுதான்!

கடற்கரை ஊர்களில் அந்நாளில் வழங்கிய போர்த்துகீசிய மொழியை இருவரும் முதலிற் பயின்றனர். ஆயினும் ஊர் மக்களின் உள்ளத்தை அம்மொழி தொடாது என்பதை உணரச் சீகன்பால்குக்கு நெடுநாள் ஆகவில்லை. எழுபது வயதை எட்டிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை அமர்த்தி, அவர்தம் பள்ளியையே தம் இல்லத்திற்கு வரவழைத்தார். சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, அவர்களைப் போலவே மணலில் விரலால் அகரம் எழுதினார். முதலாம் ஆண்டு மாணவரின் கையைப் பிடித்து எழுதப் பழக்கிய நம்மனோர்க்கு இக்காட்சியின் அருமை விளங்கும். ஆலேயில் இறையியல் பயின்ற ஒருவர் ஆறு வயதுக் குழந்தையோடு சமமாக அமர எவ்வளவு பணிவு வேண்டும்!

எழுத்து வந்தது; பொருள் விளங்கவில்லை. ஆசிரியர்க்குத் தமிழன்றிப் பிறமொழி தெரியாது. பின்னர் ஐரோப்பிய மொழிகள் சில அறிந்த அழகப்பன் என்பார் துணைக்கு வந்தார். அயலகத்தில் பணிபுரிய வந்த அவ்விளைஞர்க்கு உண்மையான தோழமை கிடைத்தது கோட்டைக்குள் அன்று. இத்தமிழரிடையேதான் என்பது என் கருத்து.

இரண்டே ஆண்டுகளில், 1708 இல், தாம் திரட்டிய நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு அவர் ஓர் அட்டவணை வரைந்தார். கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் நீதிவெண்பாவையும் செருமானிய மொழியில் பெயர்த்தார். அதே ஆண்டில் ஏழை விதவை ஒருத்தியின் வழக்கில் தலையிட்டமையால் ஆளுநரின் சினத்துக்கு ஆளாகி, நான்கு திங்கள் சிறையில் கிடந்தார்.

1709 இல் வந்து சேர்ந்த குருண்ட்லர் அவர்க்கு உற்ற துணையானார். இருவரும் தமிழ் அறிஞர்களிடம் சமயம், வழக்கம், கல்வி பற்றி வினாக்கள் அனுப்பி, மறுமொழிகளைச் செருமானிய மொழியில் பெயர்த்தனர். தொண்ணூற்றொன்பது மடல்கள் ஆலேயில் அச்சேறின. அவற்றிற் சில கிறித்தவரின் நடத்தையைக் கடிந்துரைப்பவை. அவற்றையும் மறைக்காது அனுப்பியது குறிக்கத்தக்கது.

அச்சுப் பணியைப் பலரும் எழுதியுள்ளனர், சுருங்கச் சொல்வேன். ஆலேயில் வார்த்த எழுத்துகள் மிகப் பெரியனவாய் இருந்தமையால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். 1715 இல் புதிய ஏற்பாடு தமிழில் நிறைவுற்றது. அதன் நடை செவ்வியதன்று; பேச்சு வழக்கும் பிழையும் கலந்தது. எனினும் சில ஆண்டே தமிழ் கற்றவரின் முதல் முயற்சி என்பதை மறத்தலாகாது.

1714 இல் மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரோடு ஐரோப்பா சென்ற சீகன்பால்கு, 1716 இல் மனைவியோடு தரங்கம்பாடி மீண்டார். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் அதே 1716 இல் ஆலேயில் வெளிவந்தது. அதன்பின் துன்பம் தாயகத்திலிருந்தே வந்தது. பணியாளர் துறவியர் போல் வறுமையில் வாழ்தல் வேண்டும் எனக் கொண்ட கோப்பன்கேகன் பொறுப்பாளர், கட்டடமும் பள்ளியும் அச்சகமும் வீண்செலவு எனக் கண்டித்து எழுதினர். உடல் நலிந்திருந்த அவரை அம்மடல்கள் மிகவும் வாட்டின. 1719 பிப்ரவரி 23 இல், முப்பத்தாறாம் வயதில் மறைந்தார். முந்தைய ஆண்டு தாமே கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713 இல் எழுதி முடித்த பெருநூலை ஆலேயில் இருந்த ஆசான் பிராங்கே அச்சிட மறுத்தார். புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதனை ஐரோப்பாவிற் பரப்புவதா என்பது அவர் எண்ணம். அந்நூல் 1867 இல்தான், அதுவும் சென்னையில், அச்சேறியது.