கட்டிப்போட்ட பாதுகாப்பு

அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களில் டிமென்ஷியா வந்தவர்களைக் கட்டிவைப்பதை 1980கள் வரை பெரும்பாலோர் கொடுமையாக நினைக்கவில்லை. அதுவும் பராமரிப்பில் சேர்த்தி. அங்கே தங்கியிருந்தவர்களில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் கட்டப்பட்டிருந்தார்கள் என்பது அந்தக் காலத்து மதிப்பீடு. கையில்லாத துணிச்சட்டை ஒன்றை மாட்டி, அதன் நாடாக்களை நாற்காலியின் முதுகுப்பக்கம், கை எட்டாத இடத்தில் முடிச்சுப் போடுவார்கள். படுத்திருந்தால் கட்டிலின் இரும்புச் சட்டத்தில். மடிக்கு மேலே பலகை பூட்டிய நாற்காலியும் உண்டு. சாப்பாட்டுத் தட்டு வைக்கத்தான் பலகை என்பார்கள், ஆனால் உட்கார்ந்தவர் தானாக எழ முடியாது என்பதே அதன் உண்மையான உபயோகம். ஏன் என்று கேட்டால் எல்லா இல்லங்களிலும் ஒரே பதில்தான்: விட்டால் விழுந்துவிடுவார். இந்தப் பதிலை எதிர்கேள்வி இல்லாமல் ஏற்றுக்கொண்டதால்தான், பாதுகாப்பு விதிகள் பெருகிய காலத்திலும் கயிறு அப்படியே இருந்தது. கட்டாதவர் விளக்கம் சொல்ல வேண்டும் என்ற நிலை மாறி, கட்டுகிறவர் விளக்கம் சொல்ல வேண்டும் என்று ஆன பிறகுதான் அது அவிழ்ந்தது.

விதிகளே இல்லாத காலம் அல்ல அது. 1963 நவம்பர் 23, கென்னடி சுடப்பட்ட மறுநாள். ஒஹையோ மாநிலத்தின் ஃபிட்ச்வில் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லம் எரிந்து 63 பேர் இறந்தார்கள். நாடே வேறொரு துக்கத்தில் இருந்ததால் அந்தச் செய்தி அமுங்கிப்போனது, ஆனாலும் விதிகள் பெருகவே செய்தன. 1965இல் மெடிகேர், மெடிகெய்ட் என்ற இரண்டு அரசுத் திட்டங்கள் வந்தன. இல்லங்களுக்கு அரசுப் பணம் போக ஆரம்பித்தது, பணத்தின் பின்னாலேயே ஆய்வாளர்களும் போனார்கள். கதவு, தாழ்வாரம், தீயணைப்பு ஏற்பாடு, சமையலறை, பதிவேடு எல்லாவற்றையும் பார்த்தார்கள். இவை தேவையில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். (எல்லா இல்லங்களிலும் தானியங்கித் தீயணைப்புத் தெளிப்பான் கட்டாயமானது 2013இல்தான், ஃபிட்ச்வில்லுக்கு ஐம்பது ஆண்டு கழித்து.) ஆனால் பார்த்ததெல்லாம் கட்டடத்தையும் காகிதத்தையும். கொலராடோவில் இருந்த இல்லவாசிகள் சார்பில் 1975இல் தொடரப்பட்ட ஒரு வழக்கில் இது அப்பட்டமாக வெளியே வந்தது. ஆய்வாளர் நிரப்ப வேண்டிய படிவத்தில் 541 கேள்விகள். அவற்றில் நோயாளியின் கவனிப்போடு ஓரளவாவது தொடர்புள்ளவை, அல்லது நோயாளியை நேரில் பார்த்துப் பதில் எழுத வேண்டியவை, வெறும் 30. நல்ல கவனிப்புக் கொடுக்க இல்லத்தால் முடியுமா என்று படிவம் கேட்டதே தவிர, கொடுத்தார்களா என்று கேட்கவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1984இல், தான் பணம் கொடுக்கும் இல்லத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது அரசின் கடமை என்று தீர்ப்பளித்தது.

அதே சமயத்தில் ரேகன் அரசு இல்லங்களின் மீதான விதிகளைத் தளர்த்தப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பவே, விஷயம் ஒரு நிபுணர் குழுவிடம் போனது. தளர்த்தக் கிளம்பிய முயற்சியால் பிறந்த அந்தக் குழு 1986இல் கொடுத்த அறிக்கை, விதிகளை இறுக்கச் சொன்னது. 1987 டிசம்பரில் ரேகனே சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். தண்டிப்பதற்காகவோ ஊழியர் வசதிக்காகவோ ஒருவரைக் கட்டக் கூடாது, மருத்துவ அறிகுறிக்கான சிகிச்சைக்குத் தேவை என்றால் மட்டுமே கட்டலாம் என்றது சட்டம். கயிற்றோடு, ஆளை அடக்கிவைக்கக் கொடுக்கும் மருந்தையும் ஒரே தடைக்குள் வைத்தது. ஒவ்வொருவரின் நிலையையும் நாடு முழுவதும் ஒரே படிவத்தில் மதிப்பிட வேண்டும் என்றும் சொன்னது. 1990 அக்டோபரில் இது நடைமுறைக்கு வந்தது.

விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் யார் பொறுப்பு, வழக்கு வந்தால் யார் பதில் சொல்வது என்று இல்ல நிர்வாகிகள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கட்டினால் அடிபடுவது குறைகிறதா என்பதைச் சோதித்துப் பார்த்தவர்கள் குறைவு. மருத்துவர் மேரி டினெட்டியும் சகாக்களும் கனெக்டிகட்டில் 12 இல்லங்களில் 397 பேரைக் கவனித்து 1992இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கட்டப்படாதவர்களில் 5 சதவீதம் பேர் விழுந்து பலத்த காயம் அடைந்திருந்தார்கள். கட்டப்பட்டவர்களில் 17 சதவீதம். விழக்கூடியவர்களைத்தானே முதலில் கட்டுவார்கள் என்று இதை மறுக்கலாம். அந்த வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்த பிறகும் கட்டினால் காயம் குறைகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கட்டியதால்தான் விழுந்தார்கள் என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் கட்டுகிறவருக்கு அதுவரை இருந்த முதல் வாதம் அதோடு போயிற்று. உடலைப் பார்த்தாலும் இது புரியும். நாள் முழுக்க உட்காரவைத்த கால்களில் தசை கரைகிறது, படுக்கைப்புண் வருகிறது. கட்டப்பட்டிருப்பது ஏன் என்று புரியாதவர் விடுபடப் போராடுகிறார். அப்படிப் போராடிச் சறுக்கும்போது சட்டை மேலேறி மார்பை அழுத்தும், அல்லது கழுத்தில் மாட்டும். இவ்வாறு கட்டுகளாலேயே நேர்ந்த 122 மரணங்களை ஸ்டீவன் மைல்ஸும் பேட்ரிக் இர்வினும் அதே 1992இல் தொகுத்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்த வயதான பெண்கள்.

ஆள் போதவில்லை என்பது அடுத்த வாதம். இது முந்தையதைவிட வலுவானது, ஏனென்றால் ஆள் போதாமை பொய்யில்லை. ஆனால் விதிப்படி பார்த்தால் கட்டிவைத்தவருக்குத்தான் வேலை அதிகம். குறித்த இடைவெளியில் அவிழ்க்க வேண்டும், நடக்கவைக்க வேண்டும், கழிப்பறைக்குக் கூட்டிப்போக வேண்டும், மறுபடி கட்ட வேண்டும். 1993இல் வந்த ஓர் ஆய்வும், கட்டப்படாதவர்களைக் கவனிக்க ஊழியர் நேரம் கூடுதலாகத் தேவைப்படவில்லை என்றே கண்டது. கட்டினால் வேலை மிச்சம் என்றால், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால் மட்டுமே மிச்சம். பென்சில்வேனியாவில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நடத்திய கெண்டல் இல்லங்கள் சட்டம் வருவதற்கு முன்பே கட்டாமல் நடத்திக் காட்டியவை. முதியவர் ஏன் எழுகிறார் என்பதுதான் அங்கே கேள்வி. சிறுநீர் முட்டுகிறதா, வலிக்கிறதா, பசிக்கிறதா, உட்கார்ந்து உட்கார்ந்து சலித்துவிட்டதா? காரணத்தைக் கண்டுபிடித்தால் பாதிப் பிரச்சினை தீரும். மிச்சத்துக்குக் கட்டிலைத் தரையோடு தாழ்த்தலாம், பக்கத்தில் மெத்தை விரிக்கலாம். ஜப்பானும் 2000இல் முதியோர் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கியபோது கட்டுவதைத் தடை செய்தது. உடனடி ஆபத்து இருக்க வேண்டும், வேறு வழி இருக்கக் கூடாது, தற்காலிகமாக இருக்க வேண்டும் என்ற மூன்றும் சேர்ந்தால் மட்டுமே விலக்கு. தானாகக் கழற்ற முடியாத ஒற்றை உடுப்பு, கையுறை, நான்கு பக்கமும் கம்பி அடைத்த கட்டில் ஆகியவையும் அங்கே கட்டு என்றே கணக்கு.

அமெரிக்காவில் கட்டப்பட்டவர்களின் பங்கு 1991இல் 21.1 சதவீதமாகவும் 2007இல் 5 சதவீதமாகவும் இறங்கியது. இதை முழு வெற்றியாக எழுதிவைக்க ஆசைதான், மாத்திரை விடவில்லை. மனச்சிதைவுக்கான மருந்துகளை டிமென்ஷியா நோயாளிகளுக்குக் கொடுத்தால் இறப்பு கூடுகிறது என்று மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் எச்சரித்தது. அப்படியும் 2011 கடைசியில் இல்லங்களில் நீண்டகாலம் தங்கியிருந்தவர்களில் 23.9 சதவீதம் பேர் இந்த வகை மருந்தில் இருந்தார்கள். 2012இல் அரசு இதையும் எண்ணத் தொடங்கியதும் விகிதம் குறைந்தது. ஆனால் மனச்சிதைவு உட்பட மூன்று நோய்கள் உள்ளவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இல்லவாசிகளில் ஒன்பதில் ஒருவருக்கு மனச்சிதைவு என்று பதிவாகியிருப்பதை 2021இல் நியூயார்க் டைம்ஸ் வெளிப்படுத்தியது. பொதுமக்களில் அது ஏறத்தாழ 150இல் ஒருவருக்குத்தான் உண்டு. பெரும்பாலும் இளம் வயதில் வரும் நோய் எண்பது வயதில் இத்தனை பேருக்குத் திடீரென்று வந்துவிடாது.

எண்ணினால் ஏமாற்றுவார்கள், ஆகவே தர அளவுகோலே வீண் என்பவர்கள் இதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். நான் இதை வேறு விதமாகப் படிக்கிறேன். கயிற்றைக் கட்டினால், இந்த ஆளுக்கு இது ஏன் தேவை என்று எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. வருகிற ஆய்வாளரின் கண்ணுக்கும் அது தப்பாது. மருந்து விஷயத்தில் நோயின் பெயரை எழுதினாலே போதும், அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. விலக்கு என்ற பெயரில் பழைய 541 கேள்விப் படிவத்தின் புத்தி திரும்ப வந்துவிட்டது. அரசுக்கும் இது உறைத்திருக்க வேண்டும்: 2023 ஜனவரியில், மனச்சிதைவு என்று எழுதிய இல்லங்களில் அந்த நோய்க்கு மருத்துவப் பதிவேட்டில் ஆதாரம் இருக்கிறதா என்று தணிக்கை செய்யப்போவதாகவும், இல்லாவிட்டால் அந்த இல்லத்துக்குத் தான் கொடுத்திருக்கும் தர நட்சத்திரங்களைக் குறைக்கப்போவதாகவும் அறிவித்தது.